எந்தக் கதவும் மூடி நிற்காதவள்

பூட்டுக்காரர் தன் மகளின் பெயரைப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட வியாழக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, அந்தத் தெருவிலிருந்த நூற்றுப் பதினேழு கதவுகளும் தாமாகத் திறந்துகொண்டன. அதற்குக் காரணம் நான். பதிவு அலுவலகத்தின் இரும்பு அலமாரி திறந்தது. கடைசி அறையில் செய்தித்தாளோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தருக்கு எதிரே இருந்த கதவும் திறந்தது. எதிர்வரிசையில் பல் மருத்துவர் வீடு, அதற்கடுத்த வக்கீல் வீடு, வக்கீல் வீட்டுக் கோழிக்கூண்டு எல்லாம் திறந்தன. மூன்று வருடமாகத் துருவேறித் திறக்க மறுத்திருந்த தெருமுனைத் தபால் பெட்டி வாயைத் திறந்து எழுபத்தொரு கடிதங்களைக் கீழே கொட்டியது. அவற்றில் இரண்டு, கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லி எழுதியவை. ஒன்றுக்குரிய மாப்பிள்ளைக்கு அதற்குள் வேறிடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். காற்றடித்து எல்லாம் திறந்துகொண்டது என்று சிலர் சொன்னார்கள். அன்று காற்று இல்லை, மறுநாள் பேப்பரில் வானிலைப் பகுதியைப் பார்த்துவிட்டேன்.

நான் அப்போது ஒரு சின்ன அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஊரில் என்னைப் ‘புரூஃப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை திருத்தச் சம்பளம் வாங்கியவன் செய்த பிழை இது என்பதை நினைத்துச் சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திச் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். என் வீட்டுக்காரி பத்தொன்பது வருடமாகச் சிரிக்கிறாள், இன்னும் முடித்தபாடில்லை. எங்கள் முதலாளி அந்த வருடம் ‘குழந்தைப் பெயர்கள் இரண்டாயிரத்து நானூறு: பொருளும் மூலமும்’ என்று ஒரு புத்தகம் போட ஆசைப்பட்டார். கப்பல் பயணிகள் பட்டியல், வெளிநாட்டு நாட்காட்டி, விளையாட்டுச் செய்தி, தபால்தலை என்று கண்ட இடத்திலெல்லாம் பெயர் பொறுக்கிச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் பொருள், மூன்றாவதில் எந்த மொழி. எந்த மொழி என்று தெரியாவிட்டால் ‘கடல் கடந்த மொழி’ என்று போடுவது எங்கள் அச்சக வழக்கம். கடல் மறுத்துப் பேசாது.

எண்பத்தெட்டாம் பக்கத்துக்கான சீட்டுகளில் ஒரு பெயருக்குப் பொருள் எழுதப்படாமல் இருந்தது. கையெழுத்து முதலாளியுடையதில்லை, யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. முதலாளியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். “எதையாவது போடுய்யா. காலியா விட்டா வாங்கினவன் காசு திருப்பிக் கேப்பான். நாலு மணிக்கு இந்தப் பக்கம் மெஷின்ல ஏறணும்,” என்றார். அன்று காலை நான் வீட்டுச் சாவியைத் தொலைத்திருந்தேன். வீட்டுக்காரி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பால் வாங்க வெளியே வந்தவன் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் என் கதவுக்கு முன்னால் நானே பிச்சைக்காரன் மாதிரி நின்று, பால் பாத்திரத்தோடும் வெறும் வயிற்றோடும் வேலைக்கு வந்திருந்தேன். அந்த எரிச்சலில் பேனாவை எடுத்து, பொருள் என்ற பத்தியில், ‘எந்தக் கதவும் தன்முன் மூடி நிற்காதவள்’ என்று எழுதினேன். மூன்றாவது பத்தியில் கடலைத் தாண்டினேன். அச்சானதும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பெயரை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அச்சில் ஏற்றிப் பட்டது போதும்.

பூட்டுக்காரருடைய கடை தெருமுனையில் நாலடிக்கு ஆறடி. சின்ன வயதிலிருந்தே மூடின கதவுகளுக்கு வெளியே நின்று வேலை பார்த்தவர். சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிடுவார்கள். போவார், காதை வைத்துக் கேட்பார், கம்பியை விட்டுத் திறப்பார். திறந்ததும் அவர்கள் உள்ளே போய், கூலியைக் கதவிடுக்கு வழியாக நீட்டிவிட்டுச் சாத்திக்கொள்வார்கள். முப்பது வருடத்தில் ஒருத்தர்கூட, உள்ளே வாங்க, உட்காருங்க என்று சொன்னதில்லை. மகள் பிறந்ததும் எங்கள் புத்தகத்தை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் பொறுமையாக முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்து எண்பத்தெட்டில் நின்றுவிட்டாள். தன் மகள் யார் வீட்டு வாசலிலும் காத்து நிற்கக் கூடாது என்று ஓர் அப்பன் நினைத்ததில் என்ன தப்பு. கதவுகள் இதை இவ்வளவு பொறுப்பாக எடுத்துக்கொள்ளும் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

முதல் வருடம் அவளைச் சுற்றி நாற்பதடிக்குள் எந்தக் கதவும் மூடி நிற்கவில்லை. மூன்று வயதில் அது தானிருக்கும் வீடும் இருபுறத்து வீடுகளும் என்று சுருங்கியது. ஏழு வயதில் அவள் இருக்கும் கட்டடத்தோடு நின்றது, அதற்குமேல் சுருங்க மறுத்துவிட்டது. அந்தத் தெருவில் தாழ்ப்பாள் விலை கால் பங்கு இறங்கி, பிறகு ஏறவே இல்லை. திருட்டு இரண்டே முறைதான் நடந்தது. மூன்றாவதாக வந்த திருடன், எல்லாம் திறந்து கிடப்பதைப் பார்த்து, யாரோ தன்னைப் பிடிக்கக் கண்ணி வைத்திருக்கிறார்கள் என்று பயந்து கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரர் வரும்வரை காத்திருந்துவிட்டுப் போனான். திருட்டைவிட மற்றதுதான் தொல்லை. பத்து வருடமாகத் தன் வீட்டில் பியானோ இருப்பதாகச் சொல்லிவந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் பியானோ இல்லை என்பதைத் தெருவே பார்த்தது. யாரும் யாரிடமும், அவர் வீட்டில் இல்லை என்று சொல்லியனுப்ப முடியவில்லை. அவர் கூடத்தில் சட்டையில்லாமல் படுத்திருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் தங்கமானவர்கள். ஒருவர்கூடக் காலி செய் என்று நேராகச் சொல்லவில்லை. “குழந்தை லட்சணமாத்தான் இருக்கு, நீங்களும் அமைதியானவங்கதான், ஆனா பாருங்க...” என்று இழுப்பார்கள். அந்த ‘ஆனா பாருங்க’வுக்குப் பின்னால் பூட்டுக்காரர் சாமான்களைக் கட்டுவார். இப்படி ஏழு வீடு. கடைசியில் தெருக்கோடியில் மரக்கிடங்கை ஒட்டின இரண்டு அறை கிடைத்தது. அறைகளுக்குக் கதவு இருந்தது, ஆனால் சுவரோடு ஒட்டி நின்றது, பள்ளியில் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி. திரைச்சீலை கட்டினார்கள். அதுவும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. மகள் குளிக்கும்போது அம்மா இரண்டு கையிலும் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பாள். அம்மா கதவு இல்லை என்பதால் அது மட்டும் பலித்தது.

பெயரை மாற்றிப் பார்க்காமல் இல்லை. வேறு நாலைந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் திரும்பவில்லை. பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். பெயர் மாற்றத்துக்கான காரணங்கள் என்று அச்சிட்ட ஒன்பது காரணங்களில் கதவு வரவில்லை. “மேல கேட்டுச் சொல்றோம்,” என்றார் தலைமை எழுத்தர், தன் இருக்கைக்குப் பின்னால் திறந்துகொண்ட கதவை ஒரு காலால் பிடித்துக்கொண்டே. மேலே யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பூட்டுக்காரர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். மகளால் திறக்க முடியாத ஒரு பூட்டு. நாலு லீவர், ஏழு லீவர், எண் சுழற்றுவது, இரண்டு சாவி ஒரே நேரத்தில் போட்டால்தான் அசைவது, சாவித் துவாரமே இல்லாதது. ஒவ்வொன்றையும் செய்து முடித்து மாட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகள் அறைக்குள் நடந்து வருவாள். பூட்டு கொட்டாவி விடுவதுபோல மெதுவாக வாயைத் திறக்கும். “ஸாரிப்பா,” என்பாள். “நீ என்னம்மா பண்ணுவ,” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு இரும்பு வெட்டப் போவார். மொத்தம் அறுபத்து மூன்று பூட்டு. கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. சொந்த வீட்டைப் பூட்ட முடியாதவரிடம் யார் பூட்டு வாங்குவார்கள்.

மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது, எண்பத்தெட்டாம் பக்கத்தில் விரலை வைத்த வாக்கில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அச்சகத்துக்கு வந்தார்.

“புரூஃப் சார், இது எந்த ஊரு பேருன்னு பாத்துச் சொல்லணும். கடல் கடந்ததுன்னு போட்டிருக்கு. கடலுக்கு அந்தாண்ட நிறைய ஊரு இருக்கே.”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“அங்கயும் இந்தப் பேர்ல பொண்ணுங்க இருப்பாங்க இல்லையா. அவங்க வீட்ல எல்லாம் என்ன பண்றாங்கன்னு கேட்டா, நமக்கும் ஒரு வழி தெரியும்.”

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கப் பார்த்தேன், சுற்றிலும் திறக்காமல் இருந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. “பாத்துச் சொல்றேன்,” என்றேன். நான் பார்த்துச் சொல்லப் பதினைந்து வருடம் ஆயிற்று.

அன்று மாலையே கடிதம் எழுத ஆரம்பித்தேன். என் கணக்கு எளிமையானது. எங்காவது ஒரு நாட்டில், ஏதாவது ஒரு மொழியில், அந்தப் பெயருக்குத் தற்செயலாக நான் எழுதின பொருளே இருந்துவிட்டால் நான் யோக்கியன். வேறு பொருள் இருந்தால் திருத்தம் போட்டுவிடலாம். பெயர்களை ஆராயும் பேராசிரியர் ஒருவர் பதினொரு பக்கத்துக்குப் பதில் எழுதினார். ‘இருக்கலாம்’ என்ற சொல் நாற்பத்து மூன்று இடத்தில் வந்தது, சிவப்பு மையில் வட்டமிட்டு எண்ணினேன். ஒரு கப்பல் சமையல்காரர், தன் துறைமுகத்தில் அது பெண்ணுக்கு வைக்கிற பெயரில்லை, ஆளில்லாமல் கரைக்குத் திரும்பி வந்த ஒரு படகின் பெயர் என்றார். பனி பெய்கிற நாட்டுத் தபால்காரர், அங்கே அது ஆண்பிள்ளைப் பெயர், இரண்டாம் உழவு என்று அர்த்தம், தன் மாமனாருக்கே அந்தப் பெயர்தான், ஆனால் அவர் செருப்புத் தைக்கிறார் என்று எழுதினார். பாலைவனத்தில் கூடாரம் பிரித்துப் போன பிறகு மணலில் தெரியும் வட்டத்தை அந்தச் சொல்லால் குறிப்பதாக ஒரு கம்பளி வியாபாரி சொன்னார். ஒரு தீவில், அப்பா ஊரில் இல்லாதபோது பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அதே பெயர், அதனால் ஒரே வகுப்பில் பதினாறு பேர். எல்லாக் கடிதத்தின் கடைசியிலும் ஒரே வரி வரும்: வேறு அர்த்தமும் இருக்கலாம், விசாரித்து எழுதுகிறேன். வழவழா கொழகொழா. பத்து நாட்டு அறிவாளிகள் சேர்ந்து, ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. எனக்கு மண்டை காய்ந்தது. தபால்காரர் என்னைக் கண்டால் எதிர்வரிசைக்கு மாறிப் போக ஆரம்பித்தார்.

“ஏங்க, நீங்க எழுதின ஒரு வரிக்குத் தெருவே திறந்து கிடக்கு. நம்ம வீட்டுச் சாவிய மட்டும் இன்னும் காணோம்,” என்பாள் வீட்டுக்காரி. “நேரா போய், நான்தான் கிறுக்கினேன்னு சொல்லிட்டு வாங்களேன். அடிச்சா வாங்கிக்குங்க. நான் மருந்து போடறேன்.”

அடிப்பார் என்பதில்லை என் பயம். அடிக்க மாட்டார் என்பதுதான்.

இரண்டாம் பதிப்பு வந்தபோது பொருளை ‘இரண்டாம் உழவு’ என்று திருத்தினேன். பூட்டுக்காரர் மகளிடம் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பதிப்பைப் பார்த்து வேறோர் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் வெறுங்காலோடு நடந்த இடமெல்லாம் மண் பொலபொலவென்று வரி வரியாகக் கிளறிக்கொண்டது. தோட்ட வேலை செய்யும் பெற்றோர், சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். சாலைத் துறையிலிருந்துதான் இரண்டு முறை ஆள் வந்து, அவளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: யார் எந்தப் பதிப்பைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ, அந்தப் பிள்ளைக்கு அந்தப் பதிப்பில் உள்ளதுதான். அச்சானதைத் திருப்பி எடுக்க முடியாது. மூன்றாம் பதிப்பில் பயந்துபோய் அந்தப் பத்தியைக் காலியாக விட்டேன். அதைப் பார்த்துப் பெயர் வைத்த பெண்ணுக்கு ஒன்றுமே நேரவில்லை. ஏமாந்துவிட்டதாக அவள் பெற்றோர் எங்களுக்குக் கோபமாக ஒரு கடிதம் போட்டார்கள். நான்காம் பதிப்பு வராமல் பார்த்துக்கொண்டேன், கையெழுத்துப் பிரதியின் மேல் டீயைக் கொட்டி. அது பிழையில்லை, வேண்டுமென்றே செய்தது.

அவளுக்குப் பதினாலு வயதிருக்கும்போது, ஒருநாள் பிற்பகல் அச்சகக் கதவு திறந்தது. முதலாளியின் மேஜை இழுப்பறை திறந்தது. அச்செழுத்துப் பெட்டிகளின் இழுப்பறைகள் ஒவ்வொன்றாக வெளியே நீண்டன. நிமிர்ந்து பார்க்காமலே யார் வந்திருப்பது என்று தெரிந்தது. பள்ளிப் பையைக் கீழே வைத்துவிட்டு, நீண்டுகொண்டிருந்த அறைகளைப் பழக்கமான கையால் உள்ளே தள்ளிக்கொண்டே வந்தாள். அவை மறுபடி நீண்டன.

“புரூஃப் மாமா, எனக்கு ஒரு கதவு மூடணும்.”

“எந்தக் கதவும்மா?”

“ஏதாவது ஒண்ணு. பாத்ரூம் கதவா இருந்தாக்கூடப் போதும். அம்மாவுக்குக் கை வலிக்குது, சொல்ல மாட்டேங்கறாங்க. நான் அழணும்னாக்கூடத் தெருவப் பாத்துட்டுத்தான் அழ வேண்டியிருக்கு. எல்லாரும் நேரா உள்ள வந்துடறாங்க மாமா. வந்து உட்காந்துட்டு அப்புறம், வரலாமான்னு கேக்கறாங்க. வந்தாச்சே, அப்புறம் என்ன கேள்வி.”

“கதவு திறந்திருந்தா வரத்தான் தோணும்...”

“தோணும். எனக்கும் சில நேரம் பிடிச்சுக் கடிக்கத் தோணுது. கடிக்கறேனா?” மறுபடி நீண்ட ஓர் அறையை உள்ளே தள்ளினாள். “என் பேருக்கு நிஜமா என்னதான் அர்த்தம்?”

என் மேஜைமேல் நாற்பது நாட்டுத் தபால்தலைகள் கிடந்தன. நான் தலையைச் சொறிந்தேன். “பாத்துச் சொல்றேன்மா.”

“அப்பாகிட்டயும் பன்னெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்களாம்,” என்றாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் தெருவில் இறங்கியதும் அறைகள் எல்லாம் பெருமூச்சு விட்டதுபோல உள்ளே போயின. அன்று நான் திருத்தின பக்கங்களில் பதினேழு பிழை தப்பிவிட்டது. அதில் ஒன்று, இறந்துபோனவருக்கு நீண்ட ஆயுளை வேண்டியது.

கடைசிக் கடிதம் அவளுக்குப் பதினேழு நடக்கும்போது வந்தது. ஒரு மலைமேல், மரமே முளைக்காத உயரத்தில், காற்றின் வேகத்தை அளக்கும் நிலையத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மாள் எழுதியிருந்தார். என் கடிதம் ஆறு வருடம் கழுதை முதுகில் ஏறி இறங்கி அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கோடு போட்ட தாளில் ஒரே பக்கம், அதில் இருந்தது இது: எங்கள் ஊரில் இது யாருக்கும் வைக்கிற பெயரில்லை. இங்கே கதவு செய்ய மரம் கிடையாது, கல்வீடுகளுக்கு வாசல் மட்டும் உண்டு. ஒரு வீட்டுக்குப் போனால் வாசலுக்கு வெளியே நின்று இந்தச் சொல்லை ஒருமுறை சொல்ல வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். உள்ளேயிருப்பவர் வா என்றால் போகலாம், இப்போது வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். இரண்டும் மரியாதைதான், யாரும் வருத்தப்படுவதில்லை. பதில் சொல்லாமல் இருப்பதுதான் இங்கே கெட்ட பழக்கம். இதற்கு வேறு பொருள் எதுவும் கிடையாது. கையெழுத்து, தேதி. ‘இருக்கலாம்’ ஓர் இடத்தில்கூட இல்லை. நான் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அச்சக வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மெஷின்காரர் மாரடைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பூட்டுக்காரர் கடையில் சாவி ஒன்றை அராவிக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, மற்றதையும் சொன்னேன்.

“அந்த அர்த்தம் நான் எழுதினது. எந்த மொழியிலயும் அப்படி இல்ல. அன்னைக்கு என் வீட்டுச் சாவி தொலைஞ்சுபோச்சு. அந்த எரிச்சல்ல எழுதிட்டேன்.”

அவர் அரத்தைக் கீழே வைக்கவில்லை. ஒரு பல்லைத் தேய்த்து முடித்து, ஊதி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“என்ன பூட்டு?”

“எது?”

“உங்க வீட்டுப் பூட்டு. எத்தனை லீவர்?”

“ஏழு.”

“நம்ம கடை அப்பவும் இங்கதான் சார் இருந்துச்சு. வந்திருந்தா பத்து நிமிஷத்துல திறந்து குடுத்திருப்பேனே.”

என்மேல் கோபமா என்று கேட்டேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடமும் சொன்னேன். கடிதத்தை மூன்று முறை படித்தாள், போர்வை பிடித்துப் பிடித்துத் தோளெல்லாம் கனத்துப்போனவள். “அண்ணே, இத நீங்க முன்னாடியே...” என்று ஆரம்பித்தாள். இன்றுவரை அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

மகள் கடிதத்தை வாங்கித் தன் அறைக்குள் போனாள். மறுநாள் காலை, நாலு வீடு தள்ளியிருக்கும் தையல்கார அக்கா, வழக்கம்போல நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து அளவு நாடாவைப் பிரித்தார். அவள் எழுந்து, அக்காவின் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அங்கருந்து என் பேரச் சொல்லுங்க.”

“எதுக்குடி?”

“சொல்லுங்களேன்.”

சொன்னார்.

“இப்ப வேண்டாம்,” என்றாள்.

“அடிப்பாவி, இதுக்கா வெளிய இழுத்துட்டு வந்த?”

“ஆமா. அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க.”

தையல்கார அக்கா ஐந்து நிமிடமும் அங்கேயே நின்றார். அதில் மூன்று நிமிடம் கோபமாக. பிறகு மறுபடி பெயரைச் சொன்னார், வாங்கக்கா என்று பதில் வந்தது, போனார். இதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அடுத்த முறை தானாகவே வாசலில் நின்றார். பல் மருத்துவருக்கு ஒரு மாதம் பிடித்தது. பியானோ இல்லாத தலைமையாசிரியர், தன் வயதுக்கு ஒரு சின்னப் பெண்ணிடம் அனுமதி கேட்பதா என்று ஆறு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. ஏழாவது வாரம் வந்து, தொண்டையைக் கனைத்து, பெயரைச் சொன்னார். கதவுகள் எதுவும் மாறவில்லை. அவை இன்றைக்கும் சுவரோடு ஒட்டித்தான் நிற்கின்றன. ஆனால் அவள் குளிக்கும்போது அம்மா அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். போர்வையை மடித்துப் பரண்மேல் போட்டாயிற்று. தெருப்பூனைகூட வாசலில் நின்று, அவள் பெயரைப் போலவே மூன்று அசையில் ஒருமுறை கத்திவிட்டு, பதிலுக்காக உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் ஓர் அழகான வாக்கியத்தில் முடித்து எழுதலாம்தான். நான் வாக்கியம் எழுதின லட்சணம் தெரிந்ததுதானே.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. வாரத்தில் ஐந்து நாள் தீயணைப்பு நிலையத்தில் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள், குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள், காருக்குள் பூட்டிக்கொண்ட குழந்தைகள். அவள் படியேறும்போதே திறந்துவிடும், எதையும் உடைக்க வேண்டியதில்லை. அந்த வீடுகளிலெல்லாம் அவளை உள்ளே கூப்பிட்டு, உட்காரு என்று சொல்கிறார்களாம். நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறாள். பூட்டுக்காரர் இதை என்னிடம் நாலு முறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வதுபோல. கடையில் கூட்டம் திரும்பிவிட்டது. அந்த அறுபத்து மூன்று பூட்டையும் வீட்டு நிலைப்படிக்கு மேலே கம்பி கட்டி வரிசையாக மாட்டியிருக்கிறார், எல்லாம் வாயைத் திறந்தபடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி போட்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விடுவார்.

எனக்கு மட்டும் தீரவில்லை. கோபமா இல்லையா என்று அவரிடம் கேட்டால், “அதெல்லாம் என்ன சார் இப்ப,” என்பார். அந்த அம்மாளைக் கேட்டால், “போனது போகட்டும்ணே,” என்பாள், கண்ணைப் பார்க்காமல். இரண்டு வருடமாக அந்த வீட்டில் நான் குடித்த டீக்கு அளவில்லை, ஒரு பதில் கிடைத்தபாடில்லை. பேராசிரியரின் பதினொரு பக்கமே தேவலை என்று ஆகிவிட்டது. “அந்தப் பொண்ணையே கேளுங்களேன். பெத்தவங்கள ஏன் போட்டுப் படுத்தறீங்க,” என்றாள் வீட்டுக்காரி.

போன சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனேன். அவளுக்கு விடுமுறை நாள். அப்பா கடையில், அம்மா கடைத்தெருவில். திறந்த வாசல் வழியாக எல்லாம் தெரிந்தது: கூடம், அதற்குப் பின்னால் அவள் அறை, நாற்காலியில் சாய்ந்து மேஜை விளிம்பில் குதிகாலை வைத்துக்கொண்டு, மடியில் தடித்த புத்தகத்தோடு அவள். என் தலைக்கு மேல் அறுபத்து மூன்று பூட்டு. பழக்க தோஷத்தில் வலது கால் படியில் ஏறிவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டு பெயரைச் சொன்னேன். எழுதினது பலமுறை, வாயால் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

“யாரு?” திரும்பிப் பார்க்கவில்லை.

“புரூஃப்.”

“என்ன மாமா?”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. சுத்தி வளைக்காம சொல்லிடு. என் மேல உனக்குக் கோபம் இருக்கா, இல்லையா?”

அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் கடைசி வரிவரை படித்தாள். விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினாள். இப்போது திரும்பி, வாசலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னை நேராகப் பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள். “ஆனா இப்ப வேண்டாம், படிச்சிட்டிருக்கேன். நாளைக்கு நாலு மணிக்கு மேல வாங்க மாமா.”

நான் காலை இறக்கித் தெருவில் வைத்தேன்.